பழைய மேட்ச் காட்டுகிற சனல்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் டிவி, வீடியோ டெக் திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. இப்போது டெக் திருத்த வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பழைய வீடியோ கசெற்றைக் கொண்டுவந்து "இதைப் பென்ட்ரைவில் போட்டுத் தாங்க அண்ணா" என்று கேட்பவர்களே அதிகம். பாதி கலியாணக் கசெற், மீதி கிரிக்கெட். கசெற் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவருகிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பழைய விளையாட்டு மட்டும் காட்டுகிற சனல் என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது. அமெரிக்காவில் 1995 மே மாதம் 'கிளாசிக் ஸ்போர்ட்ஸ் நெட்வேர்க்' என்ற பெயரில் தொடங்கினார்கள். பிரையன் பெடோல், ஸ்டீபன் கிரீன்பெர்க் என்ற இருவர் அதைத் தொடங்கியவர்கள். கிரீன்பெர்க் அதற்கு முன் அமெரிக்க பேஸ்போல் நிர்வாகத்தில் இரண்டாவது பெரிய பதவியில் இருந்தவர். பழைய ஒளிநாடாக்கள் எந்தெந்த அறையில் தூங்குகின்றன என்பது அப்படிப்பட்ட ஆளுக்குத் தெரிந்திருக்கும்தானே. முகமது அலியின் குத்துச்சண்டை, பழைய பேஸ்போல் இறுதிப் போட்டிகள் என்று நாள் முழுக்க ஓட்டினார்கள். 1997இல் ஈஎஸ்பிஎன் அதை வாங்கி, பிறகு 'ஈஎஸ்பிஎன் கிளாசிக்' என்று பெயர் மாற்றியது. பிரித்தானியாவிலும் அதே பெயரில் 2006 முதல் 2013 வரை ஒரு சனல் ஓடியது.

அப்படியென்றால் இப்போது ஏன் இல்லை?

அமெரிக்கச் சனலை 2021 டிசம்பர் 31ஆம் திகதி நிறுத்திவிட்டார்கள். என்னைக் கேட்டால், அது அதற்குப் பல வருடம் முன்பே செத்துவிட்டது. 1995இல் ஒரு பழைய குத்துச்சண்டையைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது ஒளிபரப்பும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். யூடியூப் வந்தபிறகு யார் காத்திருக்கிறார்கள்? நமக்கு வேண்டிய ஓவர் மட்டும் கைபேசியில் வந்து விழுகிறது.

ஆனால் ஒன்று. சனல் இருந்தால், நாம் தேட நினைக்காததையும் அது கண்முன் கொண்டுவந்து வைக்கும். தேடுகிறவனுக்கு அவன் ஏற்கெனவே அறிந்தது மட்டும்தான் கிடைக்கும். அந்த வித்தியாசத்தை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

திருகோணமலையில் டிஷ்ஷிலோ கேபிளிலோ அப்படி ஒரு சனல் எடுக்கலாமா?

பழையது மட்டும் என்று தனிச் சனலைத் தேடாதீர்கள். உங்கள் பெட்டியில் வருகிற விளையாட்டுச் சனல்களிலேயே நேரடி ஆட்டம் இல்லாத நேரத்தில், முக்கியமாக நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும், பழைய மேட்ச் போடுவார்கள். மழை வந்து ஆட்டம் நின்றாலும் அதுதான்.

2020இல் கொரோனா வந்து உலகமெங்கும் மைதானங்களைப் பூட்டியபோது எல்லா விளையாட்டுச் சனலும் பழைய ஆட்டச் சனலாக மாறியது ஞாபகமிருக்கும். தூர்தர்ஷனின் விளையாட்டுச் சனல்கூடப் பழைய இந்திய மேட்ச்களைத் தூசி தட்டி எடுத்துப் போட்டது. ஊரடங்கில் நான் பார்த்த அளவு கிரிக்கெட்டை என் இருபது வயதிலும் பார்த்ததில்லை.

டிவியை விட்டால் ஒலிம்பிக் குழு 2016 ஆகஸ்டில் 'ஒலிம்பிக் சனல்' என்று தொடங்கி, 2021இல் தன் இணையதளத்தோடு சேர்த்துக்கொண்ட வீடியோக்கள், ஃபிஃபா 2022இல் தொடங்கிய 'ஃபிஃபா பிளஸ்', கிரிக்கெட் சபைகளின் யூடியூப் பக்கங்கள். எல்லாவற்றுக்கும் டேட்டா வேண்டும். அதை உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு தெரிந்த மேட்ச்சை யார் திரும்பப் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஐயா ஒருவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "கந்தசஷ்டிக்குச் சூரன்போர் பார்க்கப் போவீங்களா?" தவறாமல் போவாராம். சூரன் தோற்பான் என்று தெரியாமலா போகிறார்? சிங்கமுகம் கழன்று அடுத்த தலை வருகிற நேரத்தில் சனம் எழுப்புகிற சத்தத்தைக் கேட்கத்தானே போகிறார்.

பழைய ஆட்டமும் அப்படித்தான். முடிவு தெரிந்தபிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் படும். 1996 உலகக் கிண்ண அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், மார்ச் 13. இலங்கை 251 எடுத்தது. இந்தியா 8 விக்கெட்டுக்கு 120இல் நிற்கும்போது சனம் போத்தல் எறிந்து தீ மூட்ட, மேட்ச் ரெஃபரி கிளைவ் லொயிட் ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்துவிட்டார். நேரடியாகப் பார்த்த அன்று நாங்கள் துள்ளிக் குதித்ததோடு சரி. திரும்பப் பார்க்கும்போதுதான் அழுதுகொண்டே மைதானத்தை விட்டு வெளியேறிய வினோத் காம்ப்ளியைப் பார்த்தேன்.

ஒரு மணிநேரச் சுருக்கத்தில் இதெல்லாம் போய்விடும். சுருக்கம் விக்கெட்டையும் பவுண்டரியையும் வைத்துக்கொண்டு, காத்திருப்பை வெட்டி எறிந்துவிடுகிறது. அதனால்தான் 'முழு மேட்ச்' போடுகிற சனலுக்கு என் வீட்டில் மரியாதை.

இலங்கை 952 ஓட்டம் எடுத்த டெஸ்டை முழுதாகப் போடுவார்களா?

1997 ஆகஸ்ட், கொழும்பு. சனத் ஜயசூரிய 340, றொஷான் மஹாநாம 225, இரண்டு பேரும் சேர்ந்து 576. அந்த ஒரு இன்னிங்ஸ் மட்டும் 271 ஓவர். போட்டால் நான் பார்ப்பேன். வீட்டில் சோறு கிடைக்காது.

எல்லா மேட்ச்சும் எங்காவது பதிவில் இருக்கும்தானே?

அதுதான் இல்லை. இதைக் கேட்டு அதிர்ச்சி அடையாதவர்களை நான் கண்டதில்லை.

வீடியோ நாடா 1956இல் அமெரிக்காவில் வந்தபோது இரண்டு அங்குல அகலச் சுருள், ஒன்று ஏறத்தாழ 300 டொலர். அந்தக் காலத்து 300 டொலர். எனவே நிலையங்கள் ஒன்றைப் பதிந்து, ஒளிபரப்பி, அதன் மேலேயே அடுத்ததைப் பதிந்தன. நேற்றைய ஆட்டத்தை நாளை யாராவது கேட்பார்கள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அமெரிக்க ஃபுட்போலின் பெரிய இறுதிப் போட்டியான சூப்பர் போல் முதன்முதல் 1967 ஜனவரியில் நடந்தது. சிபிஎஸ், என்பிசி என்று இரண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் ஒளிபரப்பின. இரண்டிடமும் முழுப் பதிவு மிஞ்சவில்லை. 2016இல் அந்த ஆட்டத்தை மறுபடி காட்ட விரும்பியபோது, ஃபில்ம் கமராவில் தனியாக எடுத்திருந்த துண்டுகளை ஒட்டித்தான் தொகுத்தார்கள்.

நமக்குக் கிட்டிய உதாரணம் 1983 ஜூன் 18. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் சிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ஓட்டத்துக்கு 5 விக்கெட். களத்தில் நின்ற கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175. அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே கிடையாது. பார்த்தவர்கள் சொன்னதும் ஸ்கோர் அட்டையும்தான் மிச்சம்.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 1960 பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், பிட்ஸ்பர்க் 10-9 என்று நியூயோர்க்கை வென்றது. பாடகர் பிங் கிராஸ்பி அந்தப் பிட்ஸ்பர்க் அணியில் பங்குதாரர். பார்த்தால் அணி தோற்றுவிடும் என்ற பயத்தில் பாரிஸுக்கே போய்விட்டார்! ஆனால் டிவித் திரையை ஃபில்மில் படமெடுத்து வைக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து, 2009இல், அவர் வீட்டின் வைன் அறையிலிருந்து அந்தச் சுருள்கள் வெளியே வந்தன. 2010 டிசம்பரில் ஒளிபரப்பினார்கள்.

நம் நாட்டில் தேசிய டிவியும் டெஸ்ட் கிரிக்கெட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகப் பிறந்த பிள்ளைகள். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது, இலங்கையின் முதல் டெஸ்ட் பெப்ரவரி 17இல். அந்தக் காலத்துக் கசெற் யாருடைய அலுமாரியிலாவது இருந்தால், பூச்சி மாத்திரையோடு போட்டு வைக்காமல் கொண்டுவாருங்கள்.

பதிவு இருந்தும் ஏன் காட்டுவதில்லை?

உரிமை. நாடா ஒருவரிடம் இருக்கும், உரிமை இன்னொருவரிடம் இருக்கும்.

முன்பெல்லாம் டிவி நிலையம்தான் ராஜா. 1993இல் இந்தியாவில் நடந்த ஹீரோ கிண்ணத்தை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வங்காளக் கிரிக்கெட் சங்கம் விற்றபோது தூர்தர்ஷன் தரப்போடு பெரிய சண்டை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995 பெப்ரவரியில் ஒளிபரப்பு அலைகள் பொதுச்சொத்து, அரசாங்கத்தின் ஏகபோகம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதற்கு அடுத்த வருடம் நடந்த உலகக் கிண்ணத்தின் ஒளிபரப்பு உரிமை 'வேர்ல்ட்டெல்' என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது.

அன்று எழுதிய ஒப்பந்தங்களில் "முப்பது வருடம் கழித்துக் கைபேசியில் காட்டலாமா" என்று யார் எழுதியிருப்பார்கள்? இன்று ஒரு சனல் பழைய மேட்ச்சைப் போட வேண்டுமென்றால் கிரிக்கெட் சபை, படம் எடுத்த நிறுவனம், இடையில் பின்னணியில் போன பாட்டுக்குச் சொந்தக்காரர் என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். பழைய ஆட்டம் மலிவாகத்தான் கிடைக்கும் என்று நினைக்கிறோம், கடுதாசி வேலைதான் செலவு.

96 உலகக் கிண்ணத்தின் பெயர்ப் பலகையை மங்கலாக்கிக் காட்டினார்கள், ஏன்?

அந்தப் போட்டியின் பெயரே 'வில்ஸ் உலகக் கிண்ணம்'. சிகரெட் பெயர். அதற்கு முந்தைய 1992 உலகக் கிண்ணமும் 'பென்சன் அண்ட் ஹெட்ஜஸ்', அதுவும் சிகரெட். 2006இல் வந்த புகையிலை, மதுசாரச் சட்டத்துக்குப் பிறகு இலங்கையில் புகையிலை விளம்பரம் தடை. படத்தில் கதாநாயகன் புகைத்தால்கூட நம் சனல்கள் வாயை மங்கலாக்குகின்றன. ஆனால் பவுண்டரிக் கோட்டிலிருந்து கிண்ணம் வரைக்கும் ஒட்டியிருக்கிற பெயரை எத்தனை இடத்தில் மங்கலாக்குவது? தன் வரலாற்றில் முதன்முதல் எடுத்த உலகக் கிண்ணத்தின் பெயரையே திரையில் காட்ட இந்த நாடு கூச்சப்படுகிறது.

பழைய மேட்ச்சில் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்களே?

டிவி செட்டிங்கில் 4:3 போடுங்கள். பழைய படம் சதுரத்துக்குக் கிட்ட, உங்கள் டிவி நீளம். இழுத்து நிரப்பினால் அர்ஜுன ரணதுங்க இன்னும் பாவம். ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

அன்று சொன்ன முடிவு பிறகு மாறிவிட்டால் என்ன செய்வார்கள்?

நல்ல கேள்வி, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டது. 2000 செப்டம்பர் 28, சிட்னி, பெண்கள் 200 மீற்றர். மரியன் ஜோன்ஸ் முதலாவது. சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் மூன்றாவது, வெண்கலம். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் செக்கனில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார், பதக்கம் பறிபோனது. சுசந்திகாவுக்கு வெள்ளி வந்தது.

ஆனால் பதிவில் வர்ணனையாளர் இன்னும் "மூன்றாவது" என்றுதான் கத்திக்கொண்டிருக்கிறார். அதை வெட்டக்கூடாது, கீழே ஒரு வரி எழுத்துப் போட்டால் போதும் என்பது என் கட்சி. பழைய ஒளிபரப்பு அன்றைக்கு நாம் எதை நம்பினோம் என்பதற்குச் சாட்சி. இன்றைக்கு உண்மை எது என்பதைக் கீழே எழுதிக்கொள்ளலாம்.

எப்போதும் கிரிக்கெட்தானா?

இந்தக் குறை எனக்கும் உண்டு. 2018இல் ஆசிய வலைப்பந்தாட்ட இறுதியில் இலங்கை சிங்கப்பூரை அவர்கள் ஊரிலேயே 69-50 என்று வென்றது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் வளையத்துக்குக் கீழே நின்று கையை உயர்த்தினால் பந்து கைக்கு வரும், அடுத்தது வலை. அதை வருடத்துக்கு ஒருமுறையாவது போட்டால் எத்தனை பெண்பிள்ளைகள் பார்ப்பார்கள்?

1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் எடுத்த தங்கம், ஆசிய விளையாட்டில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம். அப்போது இங்கே டிவியே இல்லை. முதல் நிலையம் வந்தது 1979இல்தான்.

நம் ஊர்க் கதைக்கு வந்தால் இன்னும் மோசம். ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் நடந்த உதைபந்தாட்டங்களை மதிலில் ஏறி உட்கார்ந்து பார்த்த தலைமுறை இது. ஒரு கலியாண வீடியோக்காரர் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால்தான் பதிவு. அப்படி ஒரே ஒரு கசெற் என்னிடம் வந்தது. இருபது நிமிடம், பாதி நேரம் பந்து எங்கே என்று தெரியாது. கொண்டுவந்தவர் அதில் கோலுக்குப் பின்னால் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற தன் தகப்பனைக் காட்டினார். அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார். நான் காசு வாங்கவில்லை.

என்னிடம் கசெற் இருக்கிறது, டெக்கில் போட்டுப் பார்க்கட்டா?

பொறுங்கள், முதலில் மூடியைத் திறந்து நாடாவைப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் விபூதி தூவினதுபோல் வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சணம். அதைப் போட்டால் டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கசெற்றுக்கும் தொற்றும். நம் ஊரில் கடற்காற்று ஒரு பக்கம், ஐப்பசி, கார்த்திகை அடைமழை இன்னொரு பக்கம். துப்புரவு செய்கிற வேலையை நான் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களுக்கு ஒதுக்கி வைப்பேன். அந்தக் காய்ச்சலில் எதுவும் ஈரமாக இருக்காது.

நல்ல கசெற் என்றால் ஒருமுறை முழுதாக முன்னே ஓட்டி, பின்னே சுற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கிற சுற்றுகள் விடுபடும். முதுகுப் பக்கத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தகட்டை முறித்து விடுங்கள், பிறகு தவறி யாரும் மேலே பதிய முடியாது. புத்தகம்போல் நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்கப் போடாதீர்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பைக்கற்றை உள்ளே வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். தவிட்டுத் தூசியைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு முழுநாள் போனது.

மாற்றும்போது அவசரப்பட முடியாது. மூன்று மணிநேரக் கசெற்றுக்கு மூன்று மணிநேரம்தான். நான் முதலில் டிவி முறையில் எடுத்து வைப்பேன். எந்த டிவி என்று குழம்பாதீர்கள், டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம் அது. மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பார்ப்பதற்குச் சின்னப் பிரதி ஒன்று செய்து தருவேன். ஆரம்பத்திலேயே சுருக்கி எடுத்தால் பந்து புல்லுக்குள் காணாமல் போய்விடும்.

இன்னொன்று. டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. என் கடையில் ஓடுகிற இரண்டையும் நான் மூன்று செத்த டெக்கின் உறுப்பை வைத்துத்தான் ஓட்டுகிறேன். கொண்டுவர நினைத்தால் இந்த வருடம் கொண்டுவாருங்கள்.

மாற்றியதை யூடியூப்பில் போடலாமா?

வீட்டில் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஊருக்குப் போட்டுக்காட்டினால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் குறுக்கே வரும். சட்டம் வருவதற்கு முன் யூடியூப்பின் இயந்திரமே கண்டுபிடித்து இறக்கிவிடும். நீங்கள் பதிந்த கசெற் உங்களுடையது, அதில் ஓடுகிற ஆட்டம் உங்களுடையதில்லை. மதிலில் இருந்து நீங்களே எடுத்த ஊர் உதைபந்தாட்டம் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

உங்களிடம் 96 இறுதிப் போட்டி முழுதாக இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. மார்ச் 17, லாகூர். அவுஸ்திரேலியா 241. நாங்கள் துடுப்பெடுத்தாட வந்தபோது மூன்று மணிநேரக் கசெற்றைப் போட்டோம். விளம்பரம் வரும்போதெல்லாம் அண்ணன் நிறுத்துகிற பொத்தானை அமத்துவார், அதனால்தான் கடைசி ஓவர்வரை இடம் போதியது. வெளியட்டையில் சிவப்புப் பேனையால் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதி வைத்தார்.

இரண்டு வருடம் கழித்து மச்சாளின் சாமத்திய வீட்டை வாடகைக் கமராவில் எடுத்தார்கள். பிரதி போட வெறுங்கசெற் கிடைக்கவில்லை. சின்னம்மாவுக்குச் சிவப்பு எழுத்துக் கண்ணில் படவில்லையாம். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். சிபிஎஸ் செய்ததைத்தான் எங்கள் சின்னம்மாவும் செய்தார், அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு, கசெற் விலை அப்படி.

இப்போது அதைப் போட்டால் முதல் ஐம்பது நிமிடம் ஆலாத்தித் தட்டு, பலகாரம், வரிசையில் நிற்கிற மாமிமார். பிறகு திரை முழுக்க வெள்ளைப் புள்ளி இரைகிறது. அதற்குள்ளிருந்து சட்டென்று அரவிந்த டி சில்வா துடுப்பைத் தட்டிக்கொண்டு வருகிறார். 23 ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட் போனதெல்லாம் பலகாரத்துக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. எங்கள் கசெற்றில் சனத்தும் களுவிதாரணவும் ஆட்டமிழக்கவே இல்லை. அரவிந்தவின் 107 முழுமைக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. ரணதுங்க மெக்ராத்தின் பந்தைத் தேர்ட்மேன் பக்கம் தட்டிவிடுகிற கடைசி நான்கு ஓட்டம் மட்டும் கீறல் இல்லாமல் அப்படியே இருக்கிறது.

யாரிடமாவது அந்த முதல் ஐம்பது நிமிடம் இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள். பதிலுக்கு உங்கள் கசெற் எத்தனை என்றாலும் சும்மா மாற்றித் தருகிறேன். ஞாயிறு பூட்டு.